டென்மார்க்கின் பன்றியும் நார்வேயின் பன்றியும்

ஸ்காகெராக் நீரிணைக்குத் தெற்கே டென்மார்க், வடக்கே நார்வே. 2008-ல் டென்மார்க்கின் பன்றிப் பண்ணைகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றில்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு மசியாத பாக்டீரியா இருந்தது. 2014-ல் அது 68 விழுக்காடானது. 2016-ல் 88. இப்போது அந்த நாட்டில் அது இல்லாத பண்ணையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் நார்வேயின் பண்ணைகளுக்குள்ளும் அதே கிருமி பலமுறை நுழைந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப்பிடித்து வெளியேற்றினார்கள்.

கால்நடைக்கு மருந்து கொடுப்பதில் இந்த இரு நாடுகளையும் அலட்சியமானவை என்று யாரும் சொல்ல முடியாது. டென்மார்க்கைப் பார்த்துத்தான் ஐரோப்பாவின் பாதி சட்டங்கள் எழுதப்பட்டன. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க விரும்பியதற்கு அதுவே காரணம். கண்டிப்பான நாட்டையும் கட்டுப்பாடே இல்லாத நாட்டையும் ஒப்பிட்டால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டுமே கண்டிப்பானவையாக இருந்தும் ஒன்றின் கொட்டில்களில் கிருமி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, மற்றதில் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்றால், மருந்தின் அளவைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இருவரும் புறப்பட்ட இடம் ஒன்றுதான். 1990-களின் தொடக்கம் வரை ஐரோப்பா முழுவதும் பன்றித் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலப்பது வழக்கமாக இருந்தது. நோய்க்காக அல்ல, எடை கூடுவதற்காக. அப்படிக் கலக்கப்பட்டவற்றில் ஒன்று அவோபார்சின். மருத்துவமனைகளில் கடைசி நம்பிக்கையாக வைத்திருந்த வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு. 1994-ல் டென்மார்க்கின் நோயாளிகள் அனைவருக்குமாகச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டு அந்த நாட்டின் கால்நடைகள் தின்ற அவோபார்சின் 24,000 கிலோ. இந்த இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் அச்சானபோது விவாதம் பாதி முடிந்துவிட்டது. வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியா பண்ணை விலங்குகளின் குடலில் ஏராளமாகக் கிடைத்தது. 1995-ல் டென்மார்க் அவோபார்சினைத் தடைசெய்தது, நார்வேயும் அதே ஆண்டு தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல்தான் அங்கே வந்து சேர்ந்தது.

தடைக்குப் பிறகு நடந்ததில்தான் மருந்தெதிர்ப்பின் இயல்பு முழுதாக வெளிப்பட்டது. டென்மார்க்கின் கோழிகளில் அந்த என்டரோகாக்கஸ் குறையத் தொடங்கியது. பன்றிகளில் குறையவில்லை. அவோபார்சின் இல்லை, ஆனால் அதை எதிர்க்கும் பாக்டீரியா மட்டும் அப்படியே இருக்கிறது. ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தபோது, வான்கோமைசின் எதிர்ப்புக்கான மரபணுவும் டைலோசின் வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், ஒரே மூட்டையில் கட்டிய சாமான்களைப் போலச் சேர்ந்தே இருப்பது தெரிந்தது. பன்றிகளுக்கு டைலோசினை அப்போதும் தீவனத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டைலோசின் கொடுக்கும்வரை அந்த மூட்டை முழுவதும் பத்திரமாக இருக்கும். 1998-ல் டைலோசினையும் எடை கூட்டும் மருந்தாகக் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் பன்றிகளில் வீழ்ச்சி தொடங்கியது. ஒரு மருந்தை நிறுத்திவிட்டால் அதன் எதிர்ப்பும் போய்விடும் என்று எண்ணிய எல்லோருக்கும் இது பெரிய பாடம். பின்னால் துத்தநாகத்தின் கதையில் இது மறுபடியும் வரும்.

டென்மார்க் அந்த ஆண்டே கொழுக்க வளர்க்கும் பன்றிகளுக்கும், 1999 இறுதிக்குள் குட்டிகளுக்கும் எடை கூட்டும் ஆன்டிபயாடிக்குகளை முற்றிலும் விட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்தது 2006-ல். நார்வேயில் கால்நடை வளர்ப்போர் அமைப்புகள் 1996-ல் தாங்களே ஓர் இலக்கு வைத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நூற்றுக்கு 25 குறைப்பது என்பது அந்த இலக்கு. 40 வரை குறைத்துக் காட்டினார்கள்.

இதுவரை இரண்டு நாடுகளும் தோளோடு தோள். பிரிவு தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால், பால் மறக்கடிக்கும் நாளில் ஒரு குட்டியின் வயிற்றுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

காட்டுப்பன்றிக் குட்டி மூன்று நான்கு மாதம் தாயிடம் குடித்துக்கொண்டே மெல்ல மெல்ல வேறு தீனிக்கு மாறும். பண்ணையில் நான்கு வாரம் ஆனதும் ஒரே காலையில் பிரித்துவிடுவார்கள். பாலோடு வந்துகொண்டிருந்த எதிர்ப்புப் புரதங்கள் அன்றோடு நின்றுபோகும். உலர் தீவனம் வருகிறது. முன்பின் பார்த்திராத வேறு தாய்களின் குட்டிகள் ஒரே கொட்டிலில் வந்து சேர்கின்றன. யார் பெரியவர் என்று சண்டை நடக்கிறது. முதல் நாள் பல குட்டிகள் எதையும் தின்பதே இல்லை. குடலின் உட்சுவரில் உள்ள உறிஞ்சிகள் சில நாட்களிலேயே குட்டையாகிவிடுகின்றன. செரிக்காத உணவு பெருங்குடலை நோக்கி வழிகிறது. இந்த நேரத்துக்காகவே காத்திருப்பதுபோல ஈ. கோலையின் எஃப்4, எஃப்18 என்ற வகைகள் தம் மெல்லிய இழைகளால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சை விடுகின்றன. உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் இறங்குகிறது. கண் குழிந்து, பின்புறம் நனைந்து, எழுந்து நிற்கமுடியாமல் கிடக்கும் குட்டி ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும். பக்கத்துக் குட்டிகளுக்கும் அதற்குள் தொற்றியிருக்கும். பன்றிப் பண்ணையில் போகும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களுக்குள்தான் போகிறது.

இங்கே டென்மார்க்கின் இனப்பெருக்கக் கொள்கையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு 33-க்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்துக் கொடுக்கிறது. ஒரு ஈற்றில் தாயின் காம்புகளைவிடக் குட்டிகள் அதிகம். மிஞ்சிய குட்டிகளை வேறு தாயிடம் விடுகிறார்கள். அதற்காகவே செவிலித்தாய்ப் பன்றிகள் வைத்திருக்கிறார்கள். குட்டி கைமாறும்போது அதன் மூக்கிலும் தோலிலும் குடலிலும் உள்ளதும் கைமாறும். எடை குறைந்து பிறந்த குட்டியின் குடல் இன்னும் பலவீனமானது. எத்தனை குட்டி வேண்டும் என்று முடிவெடுத்த அறையிலேயே எத்தனை மருந்து வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது என்றுதான் நான் கருதுகிறேன். பிறகு கால்நடை மருத்துவரிடம் கணக்குக் கேட்பதில் ஓரளவுக்கு மேல் பயனில்லை.

எடை கூட்டும் மருந்துகள் போன பிறகு டென்மார்க்கின் குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் கூடியது. அப்போது கைகொடுத்தது துத்தநாக ஆக்சைடு. பால் மறந்த முதல் இரண்டு வாரம் தீவனத்தில் பத்து லட்சத்துக்கு 2,500 பங்கு. அது கழிச்சலை நன்றாகவே அடக்கியது. ஆனால் துத்தநாகம் பன்றியின் உடம்பில் தங்குவதில்லை. சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் சேர்ந்தது. இன்னொன்றும் நடந்தது. பன்றிகளில் பரவிய எம்.ஆர்.எஸ்.ஏ. பலவற்றில் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் உட்கார்ந்திருந்தது. டைலோசினில் கண்ட அதே கூட்டு. ஆன்டிபயாடிக்கைக் குறைக்க உதவிய பொருளே, மருந்தெதிர்ப்புக் கிருமிக்குக் குடையும் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்தளவில் துத்தநாகம் கொடுப்பது 2022 ஜூனில் நின்றது. அதன்பின் டென்மார்க்கின் குட்டிகளுக்கு நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பது ஏறியது.

அந்த எம்.ஆர்.எஸ்.ஏ.வின் பெயர் சிசி398. இது முதலில் மனிதர்களிடம் இருந்த, சாதாரண மருந்துக்கே அடங்கிய ஸ்டஃபைலோகாக்கஸ். எப்போதோ பன்றிக்குத் தாவியது. தாவியபோது மனித உடலின் பாதுகாப்பை ஏமாற்ற உதவிய மரபணுக்களை இழந்தது, பண்ணையில் டெட்ராசைக்ளினையும் மெத்திசிலினையும் எதிர்க்கும் மரபணுக்களைச் சம்பாதித்துக்கொண்டது. 2004-ஐ ஒட்டி நெதர்லாந்தில் அறுவைச் சிகிச்சைக்கு முன் சோதிக்கப்பட்ட ஒரு பன்றிப் பண்ணைக் குடும்பத்துக் குழந்தையிடம் இதைக் கண்டபோதுதான் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. பன்றிக்கு இதனால் பெரும்பாலும் நோயே வருவதில்லை. மூக்கில் இருக்கும், தோலில் இருக்கும், கொட்டிலின் தூசியில் மிதக்கும். அங்கே எட்டு மணி நேரம் வேலைசெய்பவர் மூச்சோடு அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. புண்ணோ அறுவைச் சிகிச்சையோ தளர்ந்த உடம்போ இருந்தால் அது இரத்தத்துக்குப் போகலாம். டென்மார்க்கில் 2014-ல் மட்டும் 1,200-க்கும் மேற்பட்டோரிடம் இந்த வகை புதிதாகக் கண்டறியப்பட்டது. இதனால் இறந்தவர்களும் உண்டு. அவர்களில் பன்றிப் பண்ணைப் பக்கமே போகாதவர்களும் இருந்தார்கள்.

நார்வேக்கு இது எப்படிப் போனது என்ற ஆய்வு எனக்கு இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமானதாகப் படுகிறது. நார்வே உயிருள்ள பன்றிகளை ஏறக்குறைய இறக்குமதி செய்வதே இல்லை. அப்படியானால் கிருமி எந்த வாசல் வழியாக வந்தது? 2013-ல் பண்ணைகளில் அது கண்டறியப்பட்டதும் தொற்றிய பன்றிகளிடமும் மனிதர்களிடமும் எடுத்த கிருமிகளின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். தனித்தனியாகச் சிலமுறை உள்ளே வந்திருந்தது. கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களாகவே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. வெளிநாட்டுப் பண்ணையில் வேலைபார்த்துவிட்டு வந்த ஒருவரின் மூக்கிலிருந்து ஒரு பன்றிக்கு. அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகள் வழியாகவும், பன்றி ஏற்றிச்செல்லும் லாரிகள் வழியாகவும், பண்ணை மாறி வேலைசெய்பவர்கள் வழியாகவும் இருபதுக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு.

லாரி என்று சொல்லும்போது அதைக் கண்முன் கொண்டுவர வேண்டும். ஒரு பண்ணையில் குட்டிகளை இறக்கிவிட்டு, பலகைத் தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போகும் வண்டி. குளிர்நாட்டில் கழுவிய தளம் சரியாகக் காய்வதில்லை. பலகை இடுக்கில் ஒட்டியிருக்கும் சாணத்திலும் ரோமத்திலும் ஸ்டஃபைலோகாக்கஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எந்த மருத்துவச் சீட்டிலும் பதிவாகாத பரவல் இது.

நார்வே எடுத்த முடிவு கடுமையானது. கிருமி இருக்கும் பண்ணையில் உள்ள பன்றிகள் எல்லாம், நோயின்றி நன்றாக இருப்பவையும்கூட, வெளியேற்றப்பட வேண்டும். பிறகு சாணம் அகற்றி, சோப்பு நீரால் கழுவி, காயவைத்து, கிருமிநாசினி அடித்து, சுவரிலும் தரையிலும் காற்றுக்குழாயிலும் மாதிரி எடுத்து, எல்லாம் சுத்தம் என்று வந்தால்தான் தொற்றில்லாத பண்ணையிலிருந்து புதிய பன்றி வாங்கலாம். புதிதாக வந்தவற்றையும் மீண்டும் சோதிப்பார்கள். அரசு இழப்பீடு கொடுக்கிறது. ஆனாலும் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த தாய்ப்பன்றிகளை ஒரே மாதத்தில் இழக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை மட்டும் ஆறுதல் ஆகாது. 2014-ல் நாட்டின் தாய்ப்பன்றிப் பண்ணைகள் அனைத்திலும் மாதிரி எடுத்தார்கள். தொற்று இருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவே. ஆண்டுதோறும் தேடல் தொடர்கிறது. வெளிநாட்டில் பண்ணை வேலை பார்த்தவரும், அங்கே மருத்துவமனையில் தங்கியவரும் சோதனை முடிவு வரும்வரை பன்றிக்கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

டென்மார்க்கால் ஏன் இது முடியவில்லை? பலர் சொல்லும் பதில் எண்ணிக்கை. அது உண்மைதான். நார்வேயில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பன்றிகள், ஏறக்குறைய 2,000 பண்ணைகள். டென்மார்க்கில் சுமார் மூன்று கோடி, ஏறக்குறைய 3,000 பண்ணைகள். பண்ணைகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. ஒவ்வொன்றின் அளவில்தான் இந்த மலையளவு வேறுபாடு. நார்வேயில் ஒரு பண்ணை ஆண்டுக்கு 2,100 பன்றிகளுக்கு மேல் இறைச்சிக்கு வளர்க்கக் கூடாது, 105 தாய்ப்பன்றிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. சிறு விவசாயியைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவந்த விதி அது. கிருமியைக் காப்பாற்றாமல் விட்டதும் அதேதான். சிறிய மந்தையில் புதிதாகப் பிறக்கும், இன்னும் தொற்றாத குட்டிகள் குறைவு. தொற்று தானாகவே ஓய்ந்துபோகவும் வாய்ப்புண்டு. ஆயிரம் தாய்ப்பன்றிகள் உள்ள இடத்தில் ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கணக்கான புதுக் குட்டிகள் கிடைத்துக்கொண்டே இருக்கும், கிருமிக்குப் பஞ்சமே வராது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் சொல்லி டென்மார்க்கை விடுவித்துவிட எனக்கு மனமில்லை. 2008-ல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பண்ணைகளில்தான் தொற்று இருந்தது. அந்த நேரத்தில், தலைமை இனப்பெருக்கப் பண்ணைகளையாவது சுத்தப்படுத்தியிருந்தால் கதை வேறு. பன்றித் தொழில் ஒரு கூம்பு. உச்சியில் சில இனப்பெருக்கப் பண்ணைகள், அங்கிருந்து கீழே நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்கு இளம் பன்றிகள் இறங்குகின்றன. உச்சியில் விழுந்த கிருமி கீழே எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். டென்மார்க்கில் நடந்தது அதுதான் என்று பின்னால் செய்த மரபணு ஆய்வுகள் காட்டின. 2014-க்குப் பிறகு பண்ணை வாசலில் உடைமாற்றும் அறை, கைகழுவுமிடம், குளியல், மருத்துவமனையில் சேரும்போது பன்றித் தொடர்புள்ளவர்களுக்குச் சோதனை என்று நல்ல ஏற்பாடுகள் வந்தன. அவை கிருமியை ஊருக்குள் வரவிடாமல் தடுக்க உதவும். கொட்டிலிலிருந்து அதை எடுக்க உதவாது.

டென்மார்க்கின் நல்லதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். 1998-ல் சீலாந்துப் பகுதியில் பல மருந்துகளுக்கு மசியாத சால்மோனெல்லா பரவி 25 பேரிடம் உறுதிசெய்யப்பட்டது, இருவர் இறந்தார்கள். கிருமியின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் அது புறப்பட்ட பன்றி மந்தைவரை கண்டுபிடித்தார்கள். அப்படித் தேடிப்போக முடிந்ததற்குக் காரணம் 1995-ல் தொடங்கிய டான்மாப் என்ற கண்காணிப்பு. மருத்துவமனை, இறைச்சிக்கடை, பண்ணை மூன்றிலிருந்தும் வரும் கிருமிகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் அமைப்பு அது. 2000-ல் வெட்ஸ்டாட் வந்தது. எந்தப் பண்ணை, எந்த வயதுப் பன்றிக்கு, எந்த மருந்து, எவ்வளவு என்பது எல்லாம் அதில் பதிவாகும். 2010-ல் மஞ்சள் அட்டை முறை வந்தது. சராசரியைப்போல் இருமடங்குக்கு மேல் மருந்து வாங்கும் பண்ணைக்கு எச்சரிக்கை, திருந்தாவிட்டால் நடவடிக்கை. பின்னர் ஃபுளோரோகுவினலோன், கொலிஸ்டின் போன்றவற்றைக் கொடுத்தால் பத்து மடங்காகக் கணக்கிடப்படும் என்று மாற்றினார்கள். மருத்துவர் மருந்து விற்று லாபம் பார்ப்பதை 1990-களிலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். பன்றி வளர்ப்பு பெருகிவரும் எந்த நாடும் இதில் ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எண்களை ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. ஐரோப்பிய அட்டவணைகளில் ஒரு கிலோ கால்நடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டால் நார்வே இரண்டு மூன்றில் நிற்கும், டென்மார்க் முப்பது நாற்பதில். ஆனால் நார்வேயின் கணக்கில் வளர்ப்பு சால்மன் மீனும் சேரும். மீன் பல லட்சம் டன், தடுப்பூசியின் தயவால் அதற்கு மருந்து மிகக் குறைவு. அதனால் நார்வேயின் எண் உள்ளதைவிட அழகாகத் தெரிகிறது. பன்றிகளை மட்டும் எடுத்தாலும் நார்வே மிகக் குறைவுதான். அங்கே பெரும்பாலும் நோயுற்ற தனிப் பன்றிக்குப் பென்சிலின் ஊசி. மந்தை முழுவதற்கும் தீவனத்திலோ தண்ணீரிலோ கலப்பது அரிது. நிமோனியா தரும் மைக்கோப்ளாஸ்மாவையே அவர்கள் 2009-க்குள் நாட்டிலிருந்து ஒழித்துவிட்டார்கள். நோயே இல்லாதபோது மருந்துக்கு வேலை இல்லை. வால் வெட்டுவதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்ற விதியால் பன்றிகளுக்கு இடமும் வைக்கோலும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. நெருக்கடியில் வளரும் பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும், கடித்த புண்ணில் சீழ் பிடிக்கும், அதற்கும் ஊசி.

மருந்தைக் குறைத்தாலே போதும் என்பவர்கள் பின்லாந்தைப் பார்க்க வேண்டும். அங்கும் மருந்து குறைவு. இருந்தும் இறைச்சிக்கூடங்களுக்கு வரும் பன்றிகளில் சிசி398 பரவலாகக் கிடைக்கிறது. புதிய எதிர்ப்பு உருவாவதை மருந்துக் கட்டுப்பாடு தடுக்கும். உருவாகி ஊர்சுற்றும் கிருமியைத் தடுக்க வேண்டுமானால் பன்றியும் லாரியும் மனிதரும் போகும் வழியில் போய் நிற்க வேண்டும். டென்மார்க் முதல் வேலையை உலகுக்கே செய்துகாட்டியது. இரண்டாவதை உரிய காலத்தில் செய்யவில்லை. நார்வே இரண்டையும் செய்தது.

நார்வேக்கு அது எளிதாக அமைந்ததற்கு விலையும் உண்டு. உயர்ந்த இறக்குமதி வரியால் வெளிநாட்டு இறைச்சி உள்ளே வருவதில்லை. மக்கள் அதிக விலை கொடுத்து உள்நாட்டுப் பன்றியிறைச்சியை வாங்குகிறார்கள். டென்மார்க்கோ உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கை ஏற்றுமதி செய்கிறது. உலகச் சந்தையில் கிலோவுக்குச் சில காசு கூடினாலும் வாங்குபவர் ஸ்பெயினுக்கோ பிரேசிலுக்கோ போய்விடுவார். இதோடு ஆண்டுக்குக் கோடிக்கு மேற்பட்ட குட்டிகள் முப்பது கிலோ எடையில் உயிரோடு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் லாரியில் போகின்றன. டென்மார்க் குட்டியின் மூக்கில் உள்ளதைப் பற்றி அந்த நாடுகளும் கேட்க வேண்டும்.

இன்று டென்மார்க்கில் நார்வே செய்ததுபோல ஒழிப்பு வேலையில் இறங்க முடியாது. கிட்டத்தட்ட எல்லாப் பண்ணையையும் காலிசெய்தால், திரும்ப நிரப்பச் சுத்தமான பன்றி எங்கே இருக்கிறது? செய்யக்கூடியவை வேறு. குட்டியை இன்னும் ஒரு வாரமாவது தாயிடம் விட்டுவைப்பது. ஒரு தாயால் வளர்க்க முடிந்த அளவு குட்டிகளோடு நிறுத்தும் இனங்களுக்குத் திரும்புவது. ஈ. கோலைக்குத் தடுப்பூசி. உச்சியிலுள்ள இனப்பெருக்கப் பண்ணைகளை மட்டுமாவது ஒவ்வொன்றாகச் சுத்தப்படுத்தி, அங்கிருந்து இறங்கும் பன்றிகளைத் தனி வண்டியில் அனுப்புவது. இவற்றில் முதல் இரண்டு, நாட்டின் ஏற்றுமதிக் கணக்கை நேரடியாகத் தொடும். துத்தநாகம் போய் நியோமைசின் ஏறிய இந்த ஆண்டுகளில் கொபன்ஹேகனில் பேசப்பட வேண்டியவை அந்த இரண்டும்தான்.